திறக்காத கடையும் கைராசிக்காரத் தம்பியும்

பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, "யக்கா, கடையை மூடிட்டியளா?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலேயே கேட்கிற கேள்வியா இது? கையில் கத்தரிக்கோல் இருக்கிறது, முன்னால் வெட்டிப் போட்ட துணி குவிந்து கிடக்கிறது, பின்னால் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடுகின்றன. மூடின கடையில் இவ்வளவு சத்தமா வரும்?

"எவ சொன்னா மூடிட்டேன்னு?"

"வெப்சைட்டு திறக்க மாட்டுக்குக்கா. சுத்திக்கிட்டே நிக்கு. பெறவு இங்கிலீஷ்ல என்னமோ வருது."

என் போனில் தட்டிப் பார்த்தேன். பளிச்சென்று திறந்தது. பூப்போட்ட நைட்டி, கட்டம் போட்ட நைட்டி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த என் தம்பி, "அவ போன்லதான் கோளாறா இருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுக்கா" என்றான். அப்படியே சொன்னேன். அவள் செய்து பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் திறக்கவில்லை. "அப்ப டவர்ல கோளாறா இருக்கும்" என்றான் தம்பி. அதையும் சொன்னேன்.

நான் தைப்பது பிள்ளை பெற்றவர்கள் போடுகிற நைட்டி. மடிப்புக்குள் ஜிப் மறைந்திருக்கும், குழந்தைக்குப் பால் கொடுப்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கவுண்டரில் நிற்கிற ஆம்பளையிடம் போய் இதைக் கேட்க எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? அதனால்தான் வெப்சைட் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் படுத்திருப்பவள் அடுத்த கட்டில்காரியிடம் அதன் பெயரைச் சொல்லுவாள். அவள் தன் நாத்தனாரிடம் சொல்லுவாள். எனக்கு விளம்பரம் என்றால் அதுதான். எங்கள் வெப்சைட்டின் பெயரையும் அதில் போட்டிருக்கும் போன் நம்பரையும் தவிர என்னைப் பற்றி அந்தப் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெயர் போனால் நானும் போனேன், என் மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் போனார்கள்.

அந்தப் பெயர் யார் பெயரில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி பெயரில்.

எங்கள் வீட்டில் அவன் கை ராசியான கை. அவன் பிறந்த வருடம் அப்பாவுக்கு விசைத்தறிக் கூடத்தில் நல்ல வேலை கிடைத்ததாம், அன்று ஆரம்பித்தது. பிறகு தெருவில் யார் கடை திறந்தாலும் முதல் போணி அவன் கையால்தான் நடக்கவேண்டும். ரத வீதியில் இரண்டு பாத்திரக்கடைக்காரர்கள் ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில் அவனை முதலில் யார் கூட்டிப் போவது என்று சண்டையே போட்டிருக்கிறார்கள். என் கை அதற்கு நேர் எதிர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் வைத்த ஃபேன்சி ஸ்டோர் படுத்தது. அதன் பிறகு எடுத்த பால் ஏஜென்சி அதைவிடச் சீக்கிரமாகப் படுத்தது. "அவ தொட்டா வெளங்காது" என்று ஊரில் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

வெப்சைட் செய்து தந்தது சர்ச் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் டீச்சர். பெயரைப் பதிவு செய்கிற அன்றைக்கு, "உங்க போன் நம்பர், உங்க ஈமெயில் குடுங்கக்கா" என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நல்ல நேரம் பார்த்து, தம்பியை உட்கார வைத்து, வெற்றிலை பாக்கு கையில் கொடுத்து, அவன் நம்பரையும் அவன் ஈமெயிலையும் போட்டு, அவன் விரலால் அந்தப் பட்டனை அமுக்கச் சொன்னேன். டீச்சர் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக, "பேரு அவங்க பேர்ல போயிரும்க்கா, பரவாயில்லையா?" என்று கேட்டார். "அவன் வேற நான் வேறயா டீச்சர்?" என்று நான் சிரித்தேன். பிறகு வருடா வருடம் பெயரைப் புதுப்பிக்கிற நாளன்றும் அதே வெற்றிலை பாக்கு, அதே விரல்.

அவன் குத்துவிளக்கு ஏற்ற, நான் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பதுபோல் அன்றைக்கு ஒரு போட்டோ எடுத்தோம். வெப்சைட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் போட்டிருந்தோம். வியாபாரம் ஓட ஆரம்பித்தது. யார் பாராட்டினாலும், "எல்லாம் என் தம்பி கைராசி" என்பேன். மெஷின் முன்னால் உட்கார்ந்து எனக்கு இடுப்பு ஒடிந்தது. பெயர் அவன் ராசிக்குப் போனது. அதில் எனக்கு அன்றைக்கு ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷமாகவே சொன்னேன்.

அன்று சாயங்காலத்துக்குள் போன் மேல் போன். வாசுதேவநல்லூரில் திறக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் திறக்கிறது. சரி, வாசுதேவநல்லூர் மலையடிவாரம், மழை மேகமாக இருக்கும் என்று நினைத்தால், கரிவலம்வந்தநல்லூரிலேயே இன்னொரு வீட்டில் திறக்கவில்லை. ஒரு பெண், "எனக்குத் திறக்க மாட்டுக்குக்கா, எங்க வீட்டுக்காரரு போன்ல திறக்கு" என்றாள். ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரு போனில் கடை இருக்கிறது, மறு போனில் இல்லை. எனக்குத் தலை சுற்றியது. துணியில் கோளாறு என்றால் பிரித்துப் பார்த்து எந்தத் தையல் விட்டது என்று சொல்லிவிடுவேன். இதில் எதைப் பிரிப்பது?

தம்பிதான் பக்கத்திலேயே இருந்தான். "நீ எந்த சிம்முன்னு கேளுக்கா" என்றான். கேட்டேன். திறக்காதவர்களில் பெரும்பாலானோர் ஒரே கம்பெனியின் சிம் வைத்திருந்தார்கள். என் மெஷினில் உட்காரும் ஒரு பெண்ணின் போனில் அந்த சிம்மைப் போட்டால் திறக்கவில்லை, கழற்றி வேறு சிம்மைப் போட்டால் திறந்தது. கள்ளனைப் பிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலை தம்பி என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு அந்த சிம் கம்பெனியின் கடைக்குப் போனான். அங்கே வேலை பார்த்த பெண்ணிடம் எனக்காகச் சண்டை போட்டான். "எங்க அக்கா பொழப்பு இதுலதான் இருக்கு, நீங்க பாட்டுக்கு அடைச்சு வச்சா நாங்க என்ன செய்ய?" என்று மேஜையில் தட்டிக் கேட்டான். அந்தப் பெண் பாவம், ஒரு பேப்பரில் என் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறானே என்று பைக்கில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. என்னமாய் நடித்திருக்கிறான்!

டீச்சருக்குப் போன் செய்தேன். வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நேரா வாரேன்க்கா. அதுக்குள்ள உங்க வீட்டு வைஃபை மோடத்தை ஒருக்கா ஆஃப் பண்ணிப் போட்டுப் பாருங்க" என்றார். நான் எழுந்து போனேன். தம்பி பாய்ந்து வந்து தடுத்தான். "அதைத் தொடாதக்கா. இங்கன ஒண்ணுதான் ஒழுங்கா ஓடுது. அதையும் கெடுத்துராத." அவன் சொன்னதும் கையை எடுத்துவிட்டேன். என் கை தொட்டால் விளங்காது என்பதுதான் எனக்கே தெரியுமே.

நடுவில் அம்மா தன் பங்குக்கு ஒரு வைத்தியம் செய்தாள். கோயிலில் தருகிற புற்றுமண்ணைக் குழைத்து, உடம்புக்குப் பூசுகிற மாதிரி மோடத்தின் தலையில் அப்பிவிட்டாள். "எல்லாக் கோளாறுக்கும் கேக்கும்ட்டி, இதுக்குக் கேக்காதா?" என்றாள். மண் காய்ந்து உதிர்ந்து, மோடத்தின் மேலிருந்த ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்ததை மறுநாள் பார்த்தேன். தீப்பிடித்துத் தொலைக்கப்போகிறது என்று பயந்துபோய், சுவிட்சை அணைத்து, பழைய துணியால் துடைத்து, ஊதி, மறுபடி போட்டேன்.

போனில் தட்டினேன். சுற்றிக்கொண்டே நின்றது. பிறகு இங்கிலீஷில் என்னவோ வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரெல்லாம் திறக்காவிட்டாலும் என் வீட்டில் திறந்துகொண்டிருந்த கடை, நான் தொட்டதும் போய்விட்டது. ஃபேன்சி ஸ்டோர் மாதிரி, பால் ஏஜென்சி மாதிரி. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மெஷின் பெண்கள் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். என் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

டீச்சர் சொன்னபடி சர்ச்சிலிருந்து நேரே வந்தார், பைபிள் பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து என்னவெல்லாமோ தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான்தான் கெடுத்திட்டேன் டீச்சர். மோடத்தைத் தொட்டுட்டேன்."

"நீங்க ஒண்ணும் கெடுக்கலக்கா. பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரங்ககிட்ட கடை பேரைச் சொன்னா போதும்லா, அவங்களே கொண்டு விட்டுருவாங்க. கடை வேற தெருவுக்கு மாறிட்டுன்னு வைங்க. விஷயம் தெரிஞ்ச ஆட்டோக்காரரு புது இடத்துக்குப் போவாரு, தெரியாதவரு பழைய இடத்துக்கே கொண்டு விடுவாரு. வெப்சைட் பேரைத் தட்டினா வழி காட்டுற ஒவ்வொரு சிம் கம்பெனியும் ஒரு ஆட்டோக்காரரு மாதிரிதான். உங்க மோடமும் அப்படித்தான். பழைய வழியையே ஞாபகம் வச்சிருந்துச்சு. ஆஃப் பண்ணதும் மறந்துட்டு. மறுபடி வழி கேட்டிருக்கு, புது இடத்தைச் சொல்லிட்டாங்க. அந்தப் புது இடத்துல இன்னும் ஒண்ணும் கட்டலை. அதான் வெறும் இங்கிலீஷ் வருது."

"நான் எங்க டீச்சர் கடையை மாத்தினேன்? இங்கனதான இருக்கேன்."

"நீங்க மாத்தலக்கா. பேரு யாருகிட்ட இருக்கோ அவங்க மாத்தியிருக்காங்க. அவங்க போனுக்கு ஓடிபி வராம இதை மாத்தவே முடியாது."

எனக்கு அப்போதும் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை. எவனோ ஒரு மோசக்காரன் என் தம்பியை ஏமாற்றி ஓடிபியை வாங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஐயோ, பிள்ளை ஏமாந்துவிட்டானே, இதோடு நிற்குமோ, பேங்கில் இருப்பதையும் உருவிவிடுவார்களோ என்று பதறி, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அவன் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏலே, எவனும் உன்கிட்ட ஓடிபி கேட்டானா? குடுத்துத் தொலைச்சிட்டியா? முதல்ல பேங்குக்குப் போனைப் போடு" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

அவன் டிவியை அணைத்தான். அவன் பெண்டாட்டி எழுந்து அடுப்படிக்குள் போனாள். 

"யாரும் ஏமாத்தலக்கா. நான்தான் மாத்தினேன்."

"எதை?"

"மச்சினன் ரெடிமேட் ஆரம்பிக்கான். நைட்டிதான் போடுதான். பேரு தெரிஞ்ச பேரா இருந்தா ஓடும்னு கேட்டான். உனக்கென்னக்கா, வேற பேரு வச்சுக்கிடலாம்."

"பெறவு என்னத்துக்குலே என்கூட அலைஞ்ச? பைக்குல கூட்டிட்டுப் போயி அந்தப் பிள்ளைகிட்ட மேஜையைத் தட்டினியே, அது என்னத்துக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்படியே குனிந்தபடி இருந்திருந்தால்கூட ஒருவேளை நான் ஆறியிருப்பேன். நிமிர்ந்தான்.

"பேரு என் பேர்லதான இருக்கு. நீதான போடச் சொன்ன. இத்தனை வருசமும் என் கைராசியிலதான் ஓடுதுன்னு ஊரெல்லாம் நீதான சொன்ன. அப்ப அதுல எனக்குப் பாத்தியதை இல்லையா?"

 நான் சொன்னதைத்தான் அவன் எனக்குத் திருப்பித் தருகிறான். நானே வெட்டி, நானே தைத்து, அளவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்து அவனுக்குப் போட்டுவிட்ட சட்டை அது. அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிறுக்கிக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

மோடத்தைத் தொடாதே என்று பாய்ந்து வந்தானே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மோடத்தை அணைத்துப் போட்டால் எனக்கும் தெரிந்துவிடும் என்று எவனோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நான் என் கையைத் திட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேனே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெயர் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் கை விளங்காத கை என்ற பயம் எனக்குள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தைப் பார்த்து அமுக்கியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதிரவில்லை. "தம்பிதானட்டி, விட்டுக்குடு. வெளியாளா கொண்டு போயிட்டான்?" என்றாள். வெளியாள் கொண்டு போயிருந்தால் போலீஸுக்குப் போயிருப்பேன். "உனக்கு முன்னயே தெரியுமா?" என்று கேட்டேன். அம்மா புற்றுமண் டப்பாவை எடுத்து மாடத்தில் வைக்கப் போய்விட்டாள். நான் மறுபடி கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் எல்லாருடைய போனிலும் அந்தப் பெயர் திறந்தது. பனவடலிசத்திரத்துப் பெண்ணே போன் செய்து, "இப்ப நல்லா திறக்குக்கா, ஆனா டிசைனெல்லாம் மாத்திட்டிய போல, துணி முந்தி மாதிரி இல்லையே" என்றாள். திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் அதே போட்டோ. தம்பி விளக்கு ஏற்றுகிறான். என்னை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருந்ததால், அதைப் பிடித்திருந்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. ஓரத்தில் மணிக்கட்டு வரைக்கும் என் கை, என் கண்ணாடி வளையலோடு. அதைப் பார்த்துத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

டீச்சர் புதுப் பெயர் ஒன்று பதிவு செய்ய உட்கார்ந்தார். என் நம்பர், என் ஈமெயில். எல்லாம் போட்டு முடித்துவிட்டு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "நல்ல நேரம் பாக்கணுமாக்கா?" என்று தயங்கிக் கேட்டார். "ஒரு மண்ணும் வேண்டாம்" என்று சொல்லி அமுக்கினேன்.  நம்பர் கிடைத்த பழைய வாடிக்கைக்காரிகளை ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிட்டு, "இனி இந்தப் பேருல வா தாயி" என்று சொன்னேன். பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர், பாவம், அந்தப் பெயர்தான் நான் என்று நினைத்து அங்கேயே வாங்குகிறார்கள். மெஷின்களில் சில இப்போதும் துணி மூடிக் கிடக்கின்றன.

தம்பியோடு பேச்சு கிடையாது. தெருவில் புதுக்கடை திறந்தால் இன்னும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவன் ஒரு பக்கமாக வந்தால் நான் மறுபக்கமாகப் போய்விடுவேன்.

போன வாரம் அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நேற்றுத்தான் பேசிப் பிரிந்தவன் மாதிரி ஆரம்பித்தான்.

"யக்கா, நம்ம சைட்டு சில பேருக்குத் திறக்க மாட்டுக்காம். மச்சினன் ஏதோ வேற இடத்துக்கு மாத்தினான், அதுலருந்து இப்படித்தான். வாசுதேவநல்லூர்ல இருந்து போன் மேல போன். இங்கன திறக்கு, அங்கன திறக்கல. ஒண்ணும் புரியல. உனக்குத்தான் இது தெரியும்லா?"

தெரியும். எந்த ஆட்டோக்காரர் எங்கே கொண்டு விடுகிறார் என்று ஒரு மூச்சில் சொல்லியிருப்பேன். நம்ம சைட்டாம், நம்ம சைட்டு!

"டவர்ல கோளாறா இருக்கும்லே" என்றேன். "போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லு."

காத்திருந்தேன். அவனுக்குச் சுருக்கென்று தைக்கும், ஒருவேளை அழக்கூடச் செய்வான் என்று நினைத்தேன். அது அவன் சொன்ன வார்த்தை என்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை.

"செரிக்கா, சொல்லிப் பாக்கேன்" என்றான். நம்பிவிட்டான், பாவிப்பயல். நான் சொன்னதும் அப்படியே நம்பிவிட்டான்.